பத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம்

ஒரு வாடகை இடத்தில் ஐந்து பிள்ளைகளை உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆறாவது பிள்ளை வந்து உட்கார்ந்ததும் சட்டத்தின் கண்ணுக்கு அது பள்ளிக்கூடம். அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை அடிப்படையாக வைத்திருக்கும் கட்டட விதித் தொகுப்பு இப்படித்தான் கோடு போட்டிருக்கிறது: பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான படிப்புக்காக ஒரே நேரத்தில் ஆறு பேரோ அதற்கு மேலோ கூடினால் அது கல்விக் கட்டடம். அந்த முத்திரை விழுந்த பிறகு தீத்தடுப்பு, அவசர வழி, கழிப்பறை எண்ணிக்கை, வண்டி நிறுத்த இடம் என்று ஒவ்வொரு அதிகாரியாக வருவார். ஐந்நூறு பேர் படிக்கும் கட்டடத்தை மனதில் வைத்து எழுதிய விதி, பத்துப் பேர் படிக்கும் கூடத்துக்கும் பொருந்தும் என்றால் என்ன செய்வது?

அமெரிக்காவில் இன்று இந்தக் கேள்வியோடு நகராட்சிப் படியேறுகிறவர்கள் அநேகம். அவர்கள் நடத்துவதற்கு மைக்ரோஸ்கூல் என்று பெயர். பத்துப் பதினைந்து பிள்ளைகள், கலந்த வயது, ஒருவரோ இருவரோ ஆசிரியர். இடம் ஒரு வீட்டின் முன்னறையாக இருக்கலாம். வார நாளில் காலியாகக் கிடக்கும் சர்ச் கட்டடமாக இருக்கலாம். கடைத்தெருவில் ஒரு கடையாகவும் இருக்கலாம். நாடு முழுவதும் சுமார் 95,000 மைக்ரோஸ்கூல்கள், அவற்றில் 15 லட்சம் பிள்ளைகள் என்கிறது லாஸ் வேகஸைத் தலைமையிடமாகக் கொண்ட நேஷனல் மைக்ரோஸ்கூலிங் சென்டர். அது மைக்ரோஸ்கூல்களுக்காக வாதாடும் அமைப்பு என்பதையும், இது எண்ணிப் பார்த்த கணக்கல்ல, மதிப்பீடு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இவற்றில் பல தனியார் பள்ளியாகப் பதிவு செய்துகொள்கின்றன, பல ஹோம்ஸ்கூலிங் செய்யும் பிள்ளைகள் சேர்ந்து கூடும் இடமாக நடக்கின்றன. ஆகவே எந்தப் பதிவேட்டைப் புரட்டினாலும் முழுக்கணக்கு வராது.

அரிசோனா மாநிலம் மேசா நகரில் கெல்லி ஸ்மித் என்பவர் 2018 தொடக்கத்தில் தன் வீட்டில் ஏழு பிள்ளைகளை வைத்து ஆரம்பித்தார். எம்.ஐ.டி.யில் இயற்பியல் படித்தவர். அதற்கு முன் நூலகத்தில் சிறுவர்களுக்கு கம்ப்யூட்டர் புரோகிராமிங் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கே ஆர்வம் தாங்காமல் துள்ளும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மட்டும் ஏன் சோர்ந்து போகிறார்கள் என்ற கேள்வியில் பிறந்ததுதான் அவருடைய பிரெண்டா நிறுவனம். இரண்டே ஆண்டில் கொரோனா வந்தது. பள்ளிகள் மூடின, பெற்றோர் நான்கைந்து குடும்பமாகச் சேர்ந்து ஒரு ஆசிரியரை வைத்துக்கொண்டார்கள். பள்ளி திறந்த பிறகும் திரும்பிப் போகாதவர்கள் மைக்ரோஸ்கூலுக்கு வந்தார்கள்.

பிரெண்டா முறையில் ஒரு நாள் எப்படிப் போகும்? காலையில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். பிறகு ஆளுக்கொரு லேப்டாப். கணிதமும் வாசிப்பும் அவரவர் எட்டிய நிலையிலிருந்து. ஒன்பது வயதுப் பையன் வாசிப்பில் இரண்டாம் வகுப்பிலும் கணக்கில் ஐந்தாம் வகுப்பிலும் இருந்தால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். அடுத்துக் குழுவாகச் செய்யும் வேலை, கடைசியில் கையால் ஏதாவது செய்வது. கூட இருக்கும் பெரியவரை டீச்சர் என்றுகூடச் சொல்வதில்லை, வழிகாட்டி என்கிறார்கள். அவருக்கு ஆசிரியர் உரிமம் கட்டாயமில்லை.

பாதிப் பாடத்தை கம்ப்யூட்டர் நடத்துகிறதே, பிறகு ஆள் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அந்தத் திரைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் விடை கிடைத்துவிடும். நான்கு விடைகளில் சரியானதைத் தொட்டால் பச்சை விளக்கு எரியும் பயிற்சி என்றால், கெட்டிக்காரப் பிள்ளை கேள்வியைப் படிக்கவே படிக்காது. பச்சை வரும்வரை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போகும். மென்பொருள் அதை முயற்சி என்று எண்ணும். பக்கத்தில் இருப்பவர், “நில்லு, இந்தக் கேள்வியை எனக்கு வாசிச்சுக் காட்டு” என்பார். வாசிக்கச் சொன்னால்தான் தெரியும், அந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராமல் இல்லை, எழுத்துக் கூட்ட வரவில்லை என்று. முப்பது பேர் வகுப்பில் இதைக் கண்டுபிடிக்க ஒரு பருவம் ஆகலாம், பத்துப் பேர் அறையில் பத்து நிமிடம் போதும். மைக்ரோஸ்கூலின் பலம் முழுவதும் இந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது. அதைச் செய்யத் தெரிந்த ஆள் அங்கே இருக்கிறாரா என்பதில்தான் அதன் பலவீனமும் இருக்கிறது. உரிமம் வேண்டாம் என்ற விதி, எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளையை அடையாளம் காணும் பயிற்சியும் வேண்டாம் என்று ஆகிவிடுகிறது.

குடும்பங்கள் ஏன் வருகின்றன? பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது, உண்மை அப்படியில்லை. பீனிக்ஸ் நகரில் பிளாக் மதர்ஸ் ஃபோரம் என்ற அமைப்பு 2021இல் மைக்ரோஸ்கூல்களைத் தொடங்கியது. கறுப்பினப் பிள்ளைகள் அதே குறும்பு செய்த மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாகத் தண்டிக்கப்படுகிறார்கள், அடிக்கடி சஸ்பெண்ட் செய்யப்படுகிறார்கள் என்பது அந்தத் தாய்மார்களின் நீண்ட நாள் குற்றச்சாட்டு. பள்ளி நிர்வாகத்திடம் பேசிப் பேசி அலுத்த பிறகு தாங்களே அறை பிடித்தார்கள். இன்னும் சிலர் கேலிக்கும் அடிக்கும் பயந்து பிள்ளையை வெளியே எடுத்தவர்கள். சத்தமும் கூட்டமும் தாங்காத ஆட்டிசப் பிள்ளைகளின் பெற்றோரும் உண்டு. இவர்களுக்கெல்லாம் பாடத்திட்டம் இரண்டாம்பட்சம். பிள்ளை காலையில் வயிற்றுவலி என்று அழாமல் கிளம்பினால் போதும்.

ஆசிரியர்கள் வருவதற்கும் காரணம் இருக்கிறது. மைக்ரோஸ்கூல் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் முன்பு வகுப்பறையில் இருந்தவர்களே. தேர்வுக்கான தயாரிப்பு, படிவம், கூட்டம், மறுபடியும் படிவம் என்று தேய்ந்துபோனவர்கள். பாடத்தை நிறுத்திவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பெய்யும் ஆலங்கட்டி மழையைப் பிள்ளைகளோடு வேடிக்கை பார்க்கும் உரிமைதான் அவர்கள் கேட்பது.

அந்த உரிமைக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்ற இடத்தில்தான் விஷயம் அரசியலாகிறது. அரிசோனா 2011இல் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கென்று ஒரு திட்டம் கொண்டுவந்தது: அரசுப் பள்ளியை விட்டு வெளியேறினால், அந்தப் பிள்ளைக்கு அரசு செலவிடும் தொகையில் பெரும்பகுதி பெற்றோரின் கல்விக் கணக்குக்கு வரும். இதை எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிக்கலாமா என்று 2018இல் பொதுவாக்கெடுப்பு நடந்தது. சுமார் 65 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஆனாலும் 2022இல் சட்டமன்றம் விரித்தது. ஆளுநர் டக் டூசி கையெழுத்திட்டார். அப்போது ஏறக்குறைய 12,000 பேர் இருந்த திட்டத்தில் சில ஆண்டுகளிலேயே 80,000 பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். சாதாரணமாக ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 7,000 டாலருக்குச் சற்று மேல் கிடைக்கிறது; நம் பணத்தில் 6 லட்சம் ரூபாய்க்கு மேல். பெரிய தனியார் பள்ளியில் இந்தத் தொகை பாதிக் கட்டணத்துக்குக்கூடக் காணாது, மைக்ரோஸ்கூலுக்கோ அப்படியே போதும். அரிசோனாவில் இவை பெருகியதற்குக் கல்வித் தத்துவத்தைவிட இந்தக் கணக்கே பெரிய காரணம்.

நடத்துகிறவரின் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். மைக்ரோஸ்கூல் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தாண்டிப் போகும் இடம் இது. பத்துப் பிள்ளை, தலைக்கு 7,000 டாலர் என்றால் 70,000. மாதம் 1,500 டாலர் வாடகை என்று வைத்தால் ஆண்டுக்கு 18,000 போகும். மென்பொருள், பிரெண்டா போன்ற நிறுவனத்தோடு சேர்ந்திருந்தால் அதன் கட்டணம், காப்பீடு, காகிதம், பென்சில், தின்பண்டம் எல்லாம் சேர்த்துக் குறைந்தபட்சம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 37,000. அதிலிருந்துதான் வரி, அதிலிருந்துதான் சொந்த மருத்துவக் காப்பீடு. ஓய்வூதியம் என்ற பேச்சே இல்லை. அமெரிக்க அரசுப் பள்ளி ஆசிரியரின் சராசரிச் சம்பளம் 2023-24இல் சுமார் 72,000 டாலர். சரி, சுதந்திரத்துக்கு விலை என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். டிசம்பரில் ஒரு அண்ணன்-தங்கையின் அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தால்? இரண்டு பிள்ளைகள் போனதும் ஓராண்டுக் கணக்கில் 14,000 குறைகிறது. வாடகை குறையாது. மிச்சமிருந்த 37,000 என்பது 23,000 ஆகிறது. அரசுப் பணமும் மாதாமாதம் வருவதில்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. ரசீது சிக்கலில் தாமதமானால் கைமாற்று வாங்கித்தான் வாடகை கொடுக்க வேண்டும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று ஆள் கிடையாது. அவருடைய அம்மா படுத்த படுக்கையானால் பள்ளியே படுத்துவிடும்.

ஒரே ஆளின் உடம்பையும் மனதையும் நம்பி நிற்கும் நிறுவனம் இது. அந்த ஆள் அநேகமாகப் பெண். அவரைக் கொண்டாடும் கட்டுரைகள் ஏராளம், அவருக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும் என்று சொல்லும் சட்டம் மிகக் குறைவு.

பெரிய முதலீடு வந்தால் இந்தத் தள்ளாட்டம் தீரும் என்று நினைத்தவர்களும் உண்டு. கூகுளில் வேலை பார்த்த மேக்ஸ் வென்டில்லா 2013இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆல்ட்ஸ்கூலைத் தொடங்கினார். மார்க் ஸக்கர்பெர்க் உட்படப் பலர் கொட்டிய பணம் 17 கோடி டாலரைத் தாண்டியது. வகுப்பறையில் கேமராக்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் தரவு, ஆண்டுக் கட்டணம் 30,000 டாலர் அளவில். 2017இல் சில கிளைகளை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. பிள்ளைகள் ஒரு மென்பொருளுக்குப் பரிசோதனை எலிகளா என்று பெற்றோர் கொதித்தார்கள். 2019இல் மிச்சமிருந்த பள்ளிகள் ஹையர் கிரவுண்ட் எஜுகேஷன் என்ற மாண்டிசோரி நிறுவனத்தின் கைக்குப் போயின; அந்த நிறுவனமே 2025இல் திவால் மனு போட்டது. ஆக, பணம் இல்லாத பள்ளி ஆள் சோர்ந்தால் மூடுகிறது, பணம் கொழித்த பள்ளி முதலீட்டாளர் சோர்ந்தால் மூடுகிறது. பெற்றோருக்கு இரண்டு நேரத்திலும் வரும் செய்தி ஒன்றே: அடுத்த மாதம் முதல் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போது பிள்ளை எங்கே போகும்? அரசுப் பள்ளிக்குத்தான். வந்த பிள்ளையைச் சேர்க்க மாட்டேன் என்று அது சொல்ல முடியாது. வெளியே போகும்போது பணத்தைக் கொண்டுபோன பிள்ளை, பிப்ரவரியில் திரும்பி வரும்போது மொத்தத்தையும் திரும்பக் கொண்டுவராது. அரசுப் பள்ளியின் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், இந்தச் சோதனைகளையெல்லாம் தாங்கிப் பிடிக்கும் வலையாக அது கீழே விரிந்திருக்கிறது என்பதை மைக்ரோஸ்கூல் ஆதரவாளர்கள் பேசுவதே இல்லை.

இன்னொன்றையும் அவர்கள் மெல்லிய குரலில்தான் சொல்கிறார்கள். அரிசோனாவில் அரசுப் பணம் வரும் கல்விக் கணக்கைத் திறக்கும் பெற்றோர், தன் பிள்ளைக்குக் கல்வி தரும் பொறுப்பிலிருந்து அரசுப் பள்ளி மாவட்டத்தை விடுவிப்பதாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். மாற்றுத்திறன் பிள்ளைக்குத் தனிப் பயிற்சியாளர், பேச்சுப் பயிற்சி, தனித் திட்டம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கும் கூட்டாட்சிச் சட்ட உரிமை அந்தக் கையெழுத்தோடு பெரும்பாலும் கைநழுவிப் போகிறது. அதிகம் தேவைப்படுகிறவர்களே அதிகம் விட்டுக்கொடுக்கிறார்கள்.

பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களா என்ற எளிய கேள்விக்கும் அரிசோனாவில் பொதுவான விடை கிடையாது. இந்தப் பணத்தில் படிக்கும் பிள்ளைகள் மாநிலத் தேர்வு எழுத வேண்டும் என்று அங்கே கட்டாயமில்லை. ஃபுளோரிடாவில் உதவித்தொகைப் பிள்ளைகள் ஆண்டுக்கொரு தேர்வு எழுதுகிறார்கள், வானம் இடிந்து விழவில்லை. பணக் கணக்கும் அப்படித்தான்: அரிசோனாவில் இல்லாத பிள்ளைகளின் பெயரில் 6 லட்சம் டாலருக்கு மேல் எடுத்ததாக 2024இல் ஐந்து பேர்மேல் வழக்குத் தொடரப்பட்டது, அவர்களில் மூன்று பேர் கல்வித் துறையின் முன்னாள் ஊழியர்கள். இதை வைத்து எல்லா மைக்ரோஸ்கூலும் மோசடி என்பது அபத்தம். ஆனால் பத்துப் பிள்ளைகளை ஒழுங்காக நடத்தும் ஒருவரின் நல்ல பெயரைக் காப்பாற்றவாவது கணக்குக் கேட்கும் ஏற்பாடு வேண்டாமா?

கலந்த வயதுப் பிள்ளைகள், பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுப்பது, அவரவர் வேகம் என்பதெல்லாம் புதுமை என்று விளம்பரப்படுத்தப்படுவது சென்னைக்காரர்களுக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். எழும்பூரில் இருந்த ஆண் அனாதை விடுதியின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். மூத்த மாணவர்களை இளையவர்களுக்குச் சட்டாம்பிள்ளைகளாக்கினார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட புத்தகத்தால் மெட்ராஸ் முறை என்று பெயர் பரவியது. அதற்குப் போட்டியாக ஜோசஃப் லங்காஸ்டர் வகுத்த இதே சாயலுள்ள முறையில்தான் 1806இல் நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவசப் பள்ளி திறந்தது. என்ன, அவர்கள் இதைச் செய்தது ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானவர்களை மலிவாகப் படிக்க வைப்பதற்கு.

அவரவர் வேகத்தில் படிப்பது தனியார் சொத்தும் அல்ல. ஆந்திரத்தின் ரிஷிவேலியைச் சுற்றியுள்ள கிராமங்களில், ஒரே அறையில் பல வகுப்புப் பிள்ளைகளுக்காக அட்டைகளும் ஏணிப்படிகளுமாக ஒரு முறையை உருவாக்கினார்கள். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் காலத்தில் அது 2003இல் மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்தது. சில ஆண்டுகளில் தமிழ்நாடு முழுவதும் செயல்வழிக் கற்றலாகப் பரவியது. தரையில் பாய், சுவரில் தாழ்வான கரும்பலகை, கையில் அட்டை. குறைகள் இருந்தன, பிறகு மாற்றங்களும் வந்தன. ஆனால் பிரெண்டா லேப்டாப்பில் செய்வதை அரசுப் பள்ளி அட்டையில் செய்து காட்டியது.

நம் நாட்டில் சிறிய பள்ளி என்றால் வேறு படம். 2024-25 அரசுப் புள்ளிவிவரப்படி இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஒரே ஆசிரியர். அவற்றில் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அங்கே யாரும் சிறிய பள்ளியை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. மறுபுறம், நகரத்துப் பெற்றோர் நான்கு பேர் சேர்ந்து மேசா பாணியில் ஒன்றைத் தொடங்க நினைத்தால், கல்வி உரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்: அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் வரை.

அமெரிக்க மாநிலங்கள் எதிர்த்திசையில் ஓடுகின்றன. ஜார்ஜியா 2021இல் கற்றல் குழுக்களை அதிகாரிகளின் தொந்தரவிலிருந்து காக்கச் சட்டம் போட்டது. மேற்கு வர்ஜீனியா 2022இல் மைக்ரோஸ்கூலைச் சட்டத்திலேயே எழுதிக்கொண்டது. யூட்டா 2024இல் வீட்டில் 16 பிள்ளைகள் வரையிலும் வெளியிடத்தில் 100 பேர் வரையிலும் அனுமதித்து, எந்தப் பகுதியிலும் நடத்தலாம் என்றது. அதே ஆண்டு ஃபுளோரிடா, நூலகம், சர்ச், அருங்காட்சியகம், திரையரங்கு போன்ற இடங்களில் தனியார் பள்ளிகள் இயங்க வழிவிட்டது. இடம் பற்றிய இந்தத் தளர்வுகள் நியாயமானவை. பத்துப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான இரண்டு வாசல் போதும் என்றால், ஐந்நூறு பேருக்கான தெளிப்பான் குழாயை வைக்கச் சொல்வது பள்ளியை மூடச் சொல்வதற்குச் சமம்.

ஆனால் பணம் தரும் விதியில் டெக்ஸஸ் ஒரு தவறு செய்திருக்கிறது. 2025இல் நிறைவேறிய அதன் கல்விக் கணக்குச் சட்டம் முதற்கட்டமாக நூறு கோடி டாலர் ஒதுக்கி, 2026-27 கல்வியாண்டில் நடைமுறைக்கு வருகிறது. தனியார் பள்ளிப் பிள்ளைக்கு ஆண்டுக்குச் சுமார் 10,000 டாலர். ஆனால் அந்தப் பள்ளிக்கு அங்கீகாரம் வேண்டும், இரண்டாண்டு நடந்த அனுபவமும் வேண்டும்; ஹோம்ஸ்கூலிங் என்ற கணக்கில் வந்தால் 2,000 டாலர்தான். இரண்டாண்டு நிலைத்தவர்களுக்கே பணம் என்பது பெற்றோரைக் காக்கும் நல்ல எண்ணம். ஆனால் நேற்று வேலையை விட்டுவிட்டுப் பத்துப் பிள்ளைகளோடு தொடங்கும் ஆசிரியை அந்த இரண்டாண்டை எதைக் கொண்டு ஓட்டுவார்? கிளைகள் வைத்திருக்கும் பெரிய நிறுவனம் ஓட்டிவிடும்.

பள்ளியின் வயதை அளவுகோலாக வைப்பதைவிட, மூடும் நாளை மனதில் வைத்து விதி எழுதலாம். அரசுப் பணத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுவான இருப்பில் போட்டு வைத்தால், பருவத்தின் நடுவே ஒரு மைக்ரோஸ்கூல் மூடும்போது, பிள்ளையை ஏற்கும் பள்ளிக்கு மிச்ச மாதங்களின் தொகை போய்ச்சேரும். நடத்துகிறவர் நோயில் விழுந்தால் நான்கு வாரத்துக்கு மாற்று ஆசிரியரை அனுப்பும் செலவையும் அதே இருப்பு ஏற்கலாம். பதிலுக்கு ஆண்டுக்கொரு வாசிப்புத் தேர்வும் கணக்குத் தேர்வும், பெற்றோர் கையெழுத்திடும் முன் எந்தெந்த உரிமை போகிறது என்று ஒரே பக்கத்தில் எழுதிய தாளும் கேட்கலாம். அரிசோனாவின் கட்டணச் சுழற்சி மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பதால், முதல் தவணையிலேயே இந்தப் பங்கைப் பிடித்துவைக்கத் தனி அலுவலகம்கூடத் தேவையில்லை.